திரும்பி வராத பத்தொன்பது பேர்

கண்ணில் பூ விழுந்த முதியோரை நம் கரிசல் ஊர்களில் இன்றும் காணலாம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி வரையிலும், அதற்கப்பால் குண்டாற்றின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. அங்கே சோளத்தோகை கண்ணைக் கீறியது என்பார் ஒருவர். பருத்திமார் பிடுங்குகையில் குச்சி தெறித்தது என்பார் மற்றொருவர். களத்தில் தூற்றும்போது உமி விழுந்தது என்பார் இன்னொருவர். கீறல் சிறியதுதான். ஆனால் மண்ணிலும் பயிரிலும் வாழும் பூஞ்சை அக்கீறல் வழியே கருவிழிக்குள் இறங்கிவிடுகிறது. முதலில் உறுத்தல், பிறகு சிவப்பு, அதன்பின் வெண்ணிறப் புண். பச்சிலைச் சாறு, தாய்ப்பால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து என்று நாள்கள் கழிகின்றன. மதுரைக்குப் பேருந்து ஏறும்போது பல வேளைகளில் காலம் கடந்திருக்கிறது.

நெடுங்காலம் எவராலும் எண்ணப்படாமல் கிடந்த துயரம் இது. இதை எண்ணத் துணிந்தவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள். நம்மையொத்த கரிசல் மண்ணாகிய அயன்வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்த நிலையிலும், 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அங்குள்ளோர் அமெரிக்க அறிஞர்களோடு இணைந்து 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மதுரை மாவட்டத்தில் 10,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு 11 பேருக்கு மேல் கருவிழிப் புண் காண்கிறது என்று அது கூறியது. அமெரிக்காவின் ஒரு வட்டாரத்தில் எடுக்கப்பட்ட கணக்கை நோக்க இது ஏறத்தாழப் பத்து மடங்கு. அடுத்த ஆண்டு, 1997-இல், பிரிட்டனின் கண் மருத்துவ ஆய்விதழில் மற்றொரு கட்டுரை வந்தது. 1994 சனவரி முதல் மார்ச்சு முடிய மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பற்றியது அது.

அக்கட்டுரையில் ஒரு கணக்கு நம் சிந்தனைக்கு உரியது. 434 பேரின் புண்ணிலிருந்தும் துளி சுரண்டி எடுத்து, எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்த்தார்கள். 297 பேரிடம் கிருமி வளர்ந்தது. அவர்களுள் 140 பேருக்குப் பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சை, 15 பேருக்கு இரண்டும், 3 பேருக்கு அமீபா. எஞ்சிய 137 பேரிடம் எதுவும் வளரவில்லை. தங்களுக்கு விடை கிடைக்காத அந்த 137 பேரைக் கட்டுரையாளர்கள் மறைக்கவில்லை. 297 பேரை மட்டும் ஆராய்ந்ததாக எழுதியிருந்தால் கட்டுரை இன்னும் அழகாக இருந்திருக்கும். அவர்கள் 434 என்றே எழுதினார்கள்.

மருத்துவ ஆய்விதழ் பற்றி நம் மாத இதழில் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர்கள் வியக்கலாம். அந்த 137 பேர்தான் காரணம். கூறிய ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும் ஒருவன் பொய்ச் சாட்சி சொன்னவன் ஆக முடியுமா? இதுவே நம் முன் நிற்கும் கேள்வி. எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டில் மட்டுமன்று, மருத்துவரின் எழுதுமேசையிலும் நம்மைத் தேடி வருகிறது.

சமர்ப்பித்தல் என்னும் சொல்

மருத்துவர் ஒருவர் தாம் கண்டதை ஓர் ஆய்விதழுக்கு அனுப்புவதைச் 'சமர்ப்பித்தல்' என்றே தமிழில் வழங்குகிறோம். பலிபீடத்தில் காணிக்கை வைப்பதற்கும் அதே சொல்தான். பொருத்தமான சொல்லே அது.

எடுத்துக்காட்டாக, அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கம் 1953 முதல் நடத்திவரும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆஃப்தால்மாலஜி' போன்ற துறை இதழ் ஒன்றுக்கு ஒருவர் கட்டுரை அனுப்புகிறார் என்று கொள்வோம். எதற்காக ஆராய்ந்தோம், எவ்வாறு ஆராய்ந்தோம், என்ன கண்டோம், கண்டதன் பொருள் என்ன என்னும் நான்கு பகுதிகளாக அதை அவர் எழுதவேண்டும். அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்றதையும், நோயாளிகளின் இசைவு பெற்றதையும், மருந்து நிறுவனத்தாரிடம் பொருள் பெற்றிருந்தால் அதனையும் அறிவிக்கவேண்டும். அதே கட்டுரையை அதே வேளையில் வேறோர் இதழுக்கு அனுப்பவில்லை என்று உறுதி கூறவேண்டும். ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்துத் தகுதியுடையது என்று கண்டால், அதே துறையில் வல்ல இருவர் அல்லது மூவருக்கு அனுப்புகிறார். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றிப் படிப்பவர்கள். அவர்கள் யாரென்று எழுதியவருக்குப் பெரும்பாலும் தெரியாது. சில இதழ்களில் எழுதியவர் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. பேரும் பதவியும் மறைந்து, எழுத்து மட்டும் அவர்கள் முன் நிற்கிறது.

பிறகு மறுமொழி வருகிறது. அப்படியே ஏற்பது அரிது. இதை விளக்குக, அதைத் திருத்துக, இந்த எண் அந்த எண்ணோடு ஒத்துவரவில்லையே ஏன் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் பணிவோடு விடை எழுதவேண்டும். பல வேளைகளில் மறுப்பே வரும்.

மலாக்கி இறைவாக்கினர், குருட்டு விலங்கையும் நொண்டி விலங்கையும் பலியாகக் கொண்டுவந்த குருக்களைக் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். பலிப்பொருள் பழுதற்றதாயிருக்க வேண்டும். ஆய்விதழில் வைக்கும் காணிக்கைக்கோ வேறொரு முறைமை உண்டு. மனிதர் செய்யும் ஆய்வில் பழுது இல்லாதிராது. அப்பழுதைச் சொல்லிவிட்டால்தான் அக்காணிக்கை தூயதாகிறது. நல்ல கட்டுரையின் இறுதியில் 'இவ்வாய்வின் குறைகள்' என்று ஒரு பத்தி எழுதுவர். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வழக்கமாக வருவோருக்கு அப்பத்தியின் பொருள் விளங்காமற் போகாது.

சோதிப்பது அவமதிப்பா?

நம் ஊர்களில் ஒருவர் சொன்னதைச் சரிபார்க்கத் தொடங்கினால், "என் வார்த்தையில் நம்பிக்கை இல்லையா?" என்று அவர் வெகுண்டெழுவார். சோதிப்பது அவநம்பிக்கை, அவநம்பிக்கை அவமானம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். திருவிவிலியம் அப்படி எண்ணவில்லை. தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாறு இருக்கிறது. மக்கள் மதித்த முதியோர் இருவர், நீதிபதிகள், அவள்மீது பழி சுமத்துகின்றனர். மக்கள் கூட்டம் அவர்களுடைய நரையையும் பதவியையும் நம்பித் தீர்ப்பிடுகிறது. இளைஞராகிய தானியேல் மட்டும் இருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறார். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்கிறார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். ஒரு பெண்ணின் உயிர் தப்புகிறது. தானியேல் கேட்ட கேள்வி முதியோரை அவமதித்தது என்று இன்று எவரும் சொல்லோம். பேசமுடியாதவளுக்காக அவர் கேட்ட கேள்வி அது.

நம் திருச்சபையும் தன்னைச் சோதனைக்கு உட்படுத்த அஞ்சவில்லை. லூர்து நகரில் 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்கி வருகிறது. அன்னையின் கெபியில் நலம் பெற்றதாக 7,000-க்கும் மேற்பட்டோர் அங்கே தெரிவித்துள்ளனர். அவற்றுள் புதுமையென்று திருச்சபை ஏற்றவை எழுபதைச் சற்றே கடந்தவை மட்டுமே. எஞ்சியவர்களைத் திருச்சபை பொய்யர் என்று சொல்லவில்லை. சான்று போதவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அன்னையின் பேரில் உள்ள பற்றுக் குறைவினால் அன்று, அன்னையின் பெயரால் பொய்யொன்று நிலைத்துவிடலாகாது என்ற அக்கறையினாலேயே அவ்வாறு செய்கிறது.

மருத்துவத்தில் இவ்வக்கறை உயிரையும் விழியையும் காப்பது. பூஞ்சைப் புண்ணுக்கு நெடுங்காலமாகப் பழகிய மருந்து நாட்டமைசின். பின்னர் வந்தது வோரிகோனசோல் என்னும் புதிய மருந்து. புதியதே சிறந்ததென மருத்துவர் பலர் நம்பத் தொடங்கியிருந்தனர். அரவிந்த் மருத்துவமனைகளில் பூஞ்சைப் புண் கண்ட 323 பேரை இரு பிரிவாக்கி, எவருக்கு எம்மருந்து தரப்படுகிறது என்பதை மருத்துவரும் நோயாளியும் அறியாதவாறு மறைத்துச் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வெளியாயிற்று. பழைய நாட்டமைசினே பார்வையைக் கூடுதலாகக் காத்தது. புதிய மருந்து பெற்றவர்களிடமே கருவிழி துளைபட்டுப் போவது அதிகமாயிருந்தது. மருத்துவர் தம் உறுதியான எண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை உழவர்களின் விழிகள் போயிருக்கும்! தாம் எண்ணியது தவறாகவும் இருக்கலாம் என்று ஒப்பிய பணிவே அவ்விழிகளைக் காத்தது.

ஓர் இளம் மருத்துவரின் கேள்வி

சில காலத்திற்கு முன் எம்மைத் தேடி ஒரு மருத்துவர் வந்தார். நம் பகுதியில் பிறந்து, ஒரு மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் பயில்பவர். அவர் கேட்டது ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று. எழுதுவதற்கு அவரே இசைந்தார். அடையாளம் தெரியாதிருக்க எண்களை மாற்றிச் சொல்கிறோம்.

கருவிழிப் புண்ணோடு வந்த நூறு பேருக்கு அவர் ஒரு முறையில் மருத்துவம் செய்து வந்தார். மூன்று மாதம் கழித்து வந்து காட்டுமாறு அனைவரிடமும் சொல்லியிருந்தார். 81 பேர் வந்தனர். 19 பேர் வரவில்லை. வந்த 81 பேரில் 73 பேருக்குப் புண் ஆறியிருந்தது. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. கட்டுரை எழுதும் வேளையில் அவருக்கு மேலிருந்த ஒருவர், "81 பேரை ஆராய்ந்தோம், 90 விழுக்காட்டினர் குணமடைந்தனர் என்று எழுதிவிடுங்கள். வராதவர்களைப் பற்றி எதற்கு?" என்றாராம். கட்டுரையில் தம் பெயரோடு, நோயாளி ஒருவரையும் பார்த்திராத வேறொருவர் பெயரையும் சேர்க்கச் சொன்னாராம்.

"ஃபாதர், 81 பேர் வந்தது உண்மை. 73 பேருக்கு ஆறியது உண்மை. ஒரு பொய்யும் நான் எழுதப் போவதில்லை. ஆனாலும் மனம் உறுத்துகிறது. ஏன்?" என்று கேட்டார் அவர்.

நாம் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டோம். வராத 19 பேரில் ஒருவருக்கும் ஆறவில்லை என்று கொண்டால், நூறு பேரில் ஆறியது 73 பேருக்கு. அனைவருக்கும் ஆறிற்று என்று கொண்டால் 92 பேருக்கு. உண்மை இவ்விரண்டிற்கும் நடுவே எங்கோ இருக்கிறது. எங்கே என்று எவருக்கும் தெரியாது. தெரியாது என்பதே அந்த ஆய்வு கண்ட உண்மையின் ஒரு பகுதி. '90' என்று மட்டும் எழுதினால், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிவிடுகிறோம். தொலைவில் கமுதியிலோ பீகாரிலோ இருக்கும் ஒரு மருத்துவர் அந்த எண்ணை நம்பித் தம் நோயாளிக்கு அதே மருத்துவத்தைச் செய்வார்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றோர்க்கு இது புதிய கேள்வி அன்று. பதினேழாம் நூற்றாண்டில் சிலர், வாயால் பாதியைச் சொல்லி எஞ்சியதை மனத்துக்குள் வைத்துக்கொண்டால் பொய்யாகாது என்று கற்பித்தனர். செய்த ஒன்றைச் 'செய்யவில்லை' என்று ஆணையிட்டு, 'இன்று செய்யவில்லை' என்று உள்ளத்துள் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். இத்தகைய உள்ளத்து ஒதுக்கீட்டைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679-இல் கண்டித்து விலக்கினார். '81 பேரை ஆராய்ந்தோம்' என்னும் தொடரும் அத்தகையதே. 'திரும்பி வந்தவர்களில்' என்னும் சொற்கள் எழுதுகிறவர் மனத்துக்குள் நிற்கின்றன. படிப்பவருக்கு அவை எட்டுவதில்லை.

புனித தோமா அக்குவினார் உண்மை பேசுதலை நீதி என்னும் நற்பண்பின் துணைப் பண்பாக வைத்துப் பேசுகிறார். உண்மை நாம் பிறருக்குத் தரவேண்டிய கடன் என்பது அதன் கருத்து. அப்படியானால் நம் சொல் மெய்யா என்று மட்டும் கேட்பது போதாது. நம் சொல்லை நம்பி நிற்பவருக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா என்றும் கேட்கவேண்டும். கடன் நூறு ரூபாய் என்றால் 81 நல்ல ரூபாய்களைக் கொடுத்து, 'இதில் ஒன்றும் கள்ள நாணயம் இல்லை' என்று சொல்வது நேர்மையாகுமா?

தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

நூறு ஆடுகளில் ஒன்று வழிதவறிய உவமையைச் சிறுபிள்ளைகளும் அறிவர். அதனைக் கூறும் நற்செய்தியாளருள் ஒருவர் புனித லூக்கா. அவர் மருத்துவர் என்பதைத் திருத்தூதர் பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் குறிப்பிடுகிறார். தம் நற்செய்தியின் முன்னுரையில், அனைத்தையும் தொடக்கத்திலிருந்து கவனமாய் ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாக லூக்காவே கூறுகிறார். ஆய்ந்து எழுதிய அம்மருத்துவர் காணாமற்போன ஓர் ஆட்டின் கதையை விட்டுவிடாமல் எழுதி வைத்தது நமக்கு ஆறுதல் தருகிறது.

அவ்வுவமையின் ஆயர் முதலில் செய்வது தேடுவது அன்று, எண்ணுவது. எண்ணாதவருக்குத் தொலைந்தது தெரியாது. மாலையில் தொழுவத்தில் நிற்பவற்றை மட்டும் எண்ணி, 'என் மந்தை தொண்ணூற்றொன்பது, ஒன்றும் குறையவில்லை' என்று சொல்லும் ஆயருக்குத் தேடும் வேலையே இல்லை. அவர் கணக்கும் சரியாகவே இருக்கும்.

மருத்துவ உலகமும் இதனை உணர்ந்திருக்கிறது. மருந்துச் சோதனைகளை எழுதுவதற்கென 1996-இல் வகுக்கப்பட்ட 'கான்சார்ட்' நெறிமுறையும், பிற ஆய்வுகளுக்கென 2007-இல் வெளிவந்த 'ஸ்ட்ரோப்' நெறிமுறையும், எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் நடுவில் நின்றுபோயினர், ஏன் என்பதைப் படிக்குப் படி காட்டவேண்டும் என்கின்றன. மதிப்பிடுவோர் முதலில் தேடும் கணக்குகளுள் இதுவும் ஒன்று. ஏனெனில் வராதவர்கள் தற்செயலாக வராதிருப்பதில்லை.

நம் பகுதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். மூன்றாம் மாதம் மதுரைக்கு வராத அந்தப் பத்தொன்பது பேர் யாராயிருப்பர்? அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருச்சுழிக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறவேண்டும். போனால் ஒருநாள் கூலி இல்லை. துணைக்கு வருபவருக்கும் கூலி இல்லை. சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் மூட்டத்தை விட்டு வரமுடியாது. மழை பொய்த்த ஆண்டில் குடும்பமே பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்கும். கண் தேறியவர், 'இனி எதற்கு?' என்று இருந்திருப்பார். கண் போனவரும், 'இனி எதற்கு?' என்றே இருந்திருப்பார். ஆக, ஏழையரும், தொலைவில் உள்ளோரும், மருத்துவம் பலிக்காதோரும்தான் கணக்கிலிருந்து முதலில் உதிர்கிறார்கள். அவர்களை நீக்கிய கணக்கு வசதியுள்ளோரின் கணக்காகிவிடுகிறது. அதனால்தான் இதை வெறும் புள்ளியியல் நுட்பமென்று ஒதுக்காமல் நீதியைச் சார்ந்த கேள்வியென்று சொல்கிறோம்.

சாட்சிக் கையெழுத்து

அவ்விளைஞரின் இரண்டாம் கேள்வி பெயர் பற்றியது. நம் ஊர்களில் பத்திரம் எழுதும்போது சாட்சிக் கையெழுத்துப் போடுவோரை அறிவோம். நேரில் காணாமல், முகத்தாட்சணியத்திற்காகக் கையெழுத்திட்டுப் பின்னர் நீதிமன்றப் படியேறியவர்களையும் அறிவோம். திருமணப் பதிவேட்டில் இரு சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். அங்கே நில்லாத ஒருவரின் பெயரை மரியாதைக்காக எழுத எந்தப் பங்குத்தந்தையும் துணியமாட்டார்.

கட்டுரையின் தலைப்பில் உள்ள பெயரும் சாட்சிக் கையெழுத்துத்தான். மருத்துவ இதழ் ஆசிரியர்கள் 1978-இல் வான்கூவர் நகரில் கூடித் தொடங்கிய குழு, 2013 முதல் நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வில் தக்க பங்கு இருக்கவேண்டும். எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்கவேண்டும். இறுதிப் படியைப் படித்து ஒப்பியிருக்கவேண்டும். கட்டுரையில் எதைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்திருந்தால்தான் பெயர். உதவியவர்களுக்கு நன்றி தெரிவிக்கத் தனி இடம் உண்டு. மரியாதை செலுத்த வேறு வழிகள் இருக்கச் சாட்சியத்தையே மரியாதைப் பொருளாக்குவது சாட்சியத்தையும் கெடுக்கிறது, மரியாதையையும் கெடுக்கிறது.

இளையவரின் இக்கட்டையும் நாம் மறக்கலாகாது. கட்டுரை இருந்தால்தான் படிப்பும் பதவி உயர்வும் என்னும் நிலை வந்தபின், பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியுள்ளன. மேலோரைப் பகைத்தால் தேர்வில் என்னாகுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அச்சத்தின் பிடியில் உள்ளவரின் குற்றம் குறைவு என்று அறநெறி இறையியல் சொல்கிறது. ஆயினும் செயலின் தன்மை அதனால் மாறிவிடுவதில்லை. பொறுப்பின் பெரும்பகுதி அச்சுறுத்தியவர்மேல் ஏறுகிறது. நம் நிறுவனங்களில் மேலிடத்தில் அமர்ந்திருக்கும் கத்தோலிக்கர்கள் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நடுவரும் மனிதரே

சக அறிஞரின் சோதனையைப் புகழ்ந்தோம் என்பதால் அது வழுவாதது என்று கூறமாட்டோம். தடுப்பூசிக்கும் மனவளர்ச்சிச் சிக்கலுக்கும் தொடர்பு இருக்கலாமெனக் கருத வைத்த ஒரு கட்டுரை 1998-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. அதை அவ்விதழ் முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010-இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பெற்றோர் அஞ்சித் தம் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விட்டனர். மறுபுறம், இரைப்பைப் புண்ணுக்குக் கிருமியே காரணம் என்று சொல்ல வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷலின் ஆய்வுச் சுருக்கத்தை 1983-இல் அந்நாட்டு மருத்துவர் சங்கமொன்று மறுத்தது. 2005-இல் அக்கண்டுபிடிப்புக்கே நோபல் பரிசு கிடைத்தது. பொய் உள்ளே நுழைந்ததும் உண்டு. உண்மை வாயிலில் நிறுத்தப்பட்டதும் உண்டு.

இதற்குக் காரணம் எளியது. நடுவர் காண்பது தாளை மட்டுமே. நோயாளியை அவர் காண்பதில்லை. வராத பத்தொன்பது பேர் உண்டென்று எழுதினவர் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். தானியேலும் கேள்விதான் கேட்க முடிந்தது. ஆகவே எல்லாச் சோதனைக்கும் முன்னால், கட்டுரையை அனுப்புமுன் தனித்திருக்கும் அந்த நள்ளிரவில், மனச்சான்று என்னும் நடுவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எதுவும் மறைவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனச்சான்றை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடமாகக் கருதிப் பேசியது. வெளியிலுள்ள நடுவர் அதற்குத் துணையாகலாம். அதற்கு மாற்றாக முடியாது.

அவ்விளம் மருத்துவர் நூறு என்றே எழுதினார். பத்தொன்பது பேர் வரவில்லை என்றும் எழுதினார். கட்டுரை திரும்பி வந்தது. இயன்றவரை அவர்களைத் தேடிக் கண்டறியுமாறு நடுவர் ஒருவர் கேட்டிருந்தார். விடுமுறை நாள்களில் அவர் பேருந்தேறி ஊர் ஊராகச் சென்றார். சிலரைக் கண்டார். தேறியிருந்தவர்களும் இருந்தார்கள். ஒரு கண் முற்றும் போனவர்களும் இருந்தார்கள். சிலர் எங்கே போனார்கள் என்று அண்டை வீட்டாருக்கும் தெரியவில்லை. கட்டுரையின் எண் முன்னிருந்ததைவிடத் தாழ்ந்துவிட்டது. திருத்தியதை மீண்டும் அனுப்பியிருக்கிறார். இதனை எழுதும் நாள்வரை மறுமொழி வரவில்லை. ஏற்கப்படுமா என்பது நமக்குத் தெரியாது. நூறு பேரின் கணக்கை அவர் கொடுத்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

நம் கடமை

இவையெல்லாம் மருத்துவரின் கவலை, பொதுநிலையினராகிய எங்களுக்கு என்ன என்று வாசகர் கேட்கலாம். இரண்டு சொல்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், நம் வட்டாரமும் மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்த காலத்தில், முள் தைத்த பாதத்தில் வீங்கிப் புரையோடும் ஒரு நோயை ஆங்கில மருத்துவர்கள் கண்டெழுதினர். 1842-இல் கில் என்பவர் முதலில் எழுதினார். பின்னர் அது 'மதுரைப் பாதம்' என்றே உலக மருத்துவ நூல்களில் ஏறிற்று. நம் மண்ணின் பெயர் அதில் நிலைத்தது. வெறுங்காலோடு நடந்த அம்மனிதரின் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை. மருத்துவ அறிவு என்பது பெரும்பாலும் பெயரற்ற ஏழையரின் உடல் தந்த கொடை. 323 பேர் இசைந்து வந்ததால்தான் எந்த மருந்து நம் கண்ணைக் காக்கும் என்று இன்று தெரிகிறது. ஆகவே மருத்துவர் 'மீண்டும் வாருங்கள்' என்றால், தேறிவிட்டாலும் போய்வருவது நமக்காக மட்டும் அன்று, முகமறியாத பிறருக்கு நாம் சொல்லும் சாட்சியம். நாம் பெற்ற அறிவையும் அண்டை வீட்டாருக்குச் சொல்வோம். கண்ணில் பயிரோ மண்ணோ பட்டு உறுத்தினால், பச்சிலையும் வேண்டாம், கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை முற்றச் செய்துவிடும். அன்றே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

இரண்டாவது, நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியங்களும் இருக்கின்றன. கண் முகாமுக்கு ஆட்களை அழைத்துச் செல்வதில் நாம் காட்டும் ஆர்வம் நன்று. மூன்றாம் மாதம் யார் திரும்பிப் போகவில்லை என்று கேட்பதில் அந்த ஆர்வம் இருக்கிறதா? ஒரு பேருந்துக் கட்டணமும், கூட வர ஒரு துணையும், இழந்த ஒருநாள் கூலிக்கு ஈடும் இருந்தால் அந்தப் பத்தொன்பது பேரில் பலர் போயிருப்பார்கள். எண்ணுவது மருத்துவரின் கடமை. தேடிப் போவது நம் அனைவருக்கும் உரியது. வரும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குப் பின், நம் தெருவில் கண் மருத்துவம் செய்துகொண்டு மீண்டும் போகாதவர் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம்.